பொதிகை உச்சிக்கு மூன்று நாள்: அகத்தியர்கூட மலையேற்றம், ஒரு மதிப்பீடு

கேரள வனத்துறை ஆண்டுதோறும் மகரவிளக்குக்குப் பிறகு சில வாரங்களுக்கு மட்டும் அனுமதிக்கும் அகத்தியர்கூட மலையேற்றத்தைக் கடந்த பருவத்தில் நானும் என் அக்காள் மகனும் முடித்து வந்தோம். மலையேற்றம் மூன்று பகல், இரண்டு இரவு. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் காரில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு சென்று, திரும்பும்போது பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக மலையை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தோம். இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்யலாமா, உடம்பு தாங்குமா, கொடுக்கும் பணத்துக்கும் செலவிடும் நாட்களுக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்த மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற நீலத் தொடர்தான் பொதிகை. அகத்தியர் அமர்ந்த மலை என்றும், சங்க காலத்தில் ஆய் வேளிர் ஆண்ட பொதியில் என்றும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். தாமிரபரணி அதன் கிழக்குச் சரிவில் பிறக்கிறது. ஆனால் 1,868 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு இன்று பொதுமக்கள் நடந்து செல்லும் வழி மேற்கே, கேரளத்தின் போனக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பிறந்ததிலிருந்து கிழக்கே நின்று பார்த்த மலையை ஐம்பது வயதில் மேற்கேயிருந்து ஏறிப் பார்க்கப் போகிறோம் என்கிற எண்ணமே என்னைப் பல மாதங்கள் நடைப்பயிற்சி செய்ய வைத்தது.

பதிவு இணையவழியில் நடக்கிறது. நாளொன்றுக்கு அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கை குறைவு என்பதால் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. பதிவு திறக்கும் நேரத்தில் அடையாள அட்டை விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உடல் தகுதிக்கான மருத்துவச் சான்றிதழும் தேவை. இந்தச் சான்றிதழை வெறும் சடங்காக நினைத்து எங்காவது கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் ஏற்றத்தில் எங்களுடன் வந்த ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது, அங்கிருந்து அவரைக் கீழே கொண்டுவர மனிதத் தோள்களைத் தவிர வேறு வழி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு சீரானார், ஆனால் அந்த ஒரு மணி நேரம் எல்லோருக்கும் அச்சமாகவே கழிந்தது.

காலணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையான மனவருத்தம் தந்தது அது ஒன்றுதான். தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று பெயர் பெற்ற ஒரு கடையில் மலையேற்றக் காலணி ஒன்றை வாங்கினேன். வெளித்தோற்றத்தில் புதிது. ஆனால் இரண்டாம் நாள் காலையில் வலது காலின் அடித்தட்டு முன்பக்கமாகப் பிளந்து, நடக்க நடக்க நாக்குப் போலத் தொங்கியது. இத்தகைய காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆனதாக இருந்தால், அது பயன்படுத்தாமல் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் காற்றின் ஈரத்தால் சிதைந்து உதிரத் தொடங்கும் என்பதைத் திரும்பி வந்த பிறகே தெரிந்துகொண்டேன். வாங்கும்போது தயாரிப்பு ஆண்டைக் கேளுங்கள். வாங்கிய பிறகு ஐம்பது அறுபது கிலோமீட்டராவது நடந்து பழக்காமல் காட்டுக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். என்னைக் காப்பாற்றியது மருமகன் பையிலிருந்த நைலான் கயிறு. அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொண்டுதான் உச்சிக்குப் போய் வந்தேன்.

விதுராவிலிருந்து போனக்காடு செல்லும் சாலை குறுகலானது, வளைவுகள் மிகுந்தது, கடைசிப் பகுதியில் மேடு பள்ளமானது. உயரம் குறைந்த கார்களின் அடிப்பாகம் உரசும். வழியில் பழைய தேயிலைத் தோட்டம் வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, பின்னாளில் நலிந்துபோன தோட்டம் அது. பராமரிப்பின்றி மரமாக வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளுக்கு நடுவே தொழிற்சாலைக் கட்டடம் நிற்கிறது. அங்கே இன்னும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று எங்களுக்கு வழி சொன்னது; பாட்டனார் காலத்தில் மலைக்குக் கிழக்கேயிருந்து வந்தவர்கள் என்றார்கள்.

மலையேற்றம் தொடங்கும் இடத்திலுள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியான பிக்கெட் நிலையத்தில் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக், புகையிலை, மது, பூசைப் பொருட்கள் எதுவும் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இந்தச் சோதனை முழு மனத்துடன் நடக்கிறது. அதன் பலனை வழி நெடுகக் காணலாம்: மூன்று நாளில் நான் பாதையில் கண்ட குப்பையை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம்.

போனக்காட்டிலிருந்து இரவு தங்கும் அதிருமலை முகாம்வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். முதல் பாதி கடினமில்லை. லாத்திமொட்டை, கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஓடையும் ஆறுமாகக் கடந்து போகிற நிழல் வழி அது. திருவனந்தபுரம் நகருக்குள் ஓடுகிற கரமனை ஆறு இங்கே ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிக் கடக்கிற அளவில் ஓடுகிறது. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். இவ்வளவுதானா என்று வேகம் கூட்டி, தண்ணீரைக் குறைவாகக் குடித்து, அட்டையாற்றைத் தாண்டியதும் வருகிற புல்வெளியில் உச்சி வெயில் வாங்கிக்கொண்டு தளர்ந்துபோகிறார்கள். அதற்குப் பிறகே உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. ஏழு மடிப்பாக ஏறுகிற ஏழுமடக்கம் தேரி முதலில். அதன் பின் முட்டிடிச்சான் தேரி. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டி வந்து முகவாயில் இடிக்கிற அளவுக்குச் செங்குத்தானது என்பதால் அந்தப் பெயர். வேர்களே படிகள். எங்களுக்கு மொத்தம் எட்டு மணி நேரம் பிடித்தது. அதில் கடைசி இரண்டு மணி நேரத்தில் நாங்கள் கடந்த தொலைவு மிகச் சிறியது.

இந்தச் சேவையை மதிப்பிடும்போது பலரும் உச்சிக் காட்சிக்கும் முகாம் வசதிக்கும் புள்ளி போடுகிறார்கள். என் கணக்கில் இதன் மதிப்பில் பெரும்பகுதி வழிகாட்டிகளுக்கே சேரும். அவர்களில் பலர் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காணி பழங்குடியினர். தமிழும் மலையாளமும் கலந்த அவர்களுடைய பேச்சு, தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சற்றுக் காது கொடுத்தால் புரிந்துவிடும். எங்களுடன் வந்தவர் நாற்பது வயதுக்காரர், ரப்பர் செருப்புப் போட்டிருந்தார், அதிகம் பேசாதவர். ஆனால் கேட்டால் சொல்வார். ஓரிடத்தில் தரையோடு தரையாக இதய வடிவ இலைகளோடு நின்ற ஒரு செடியைக் காட்டி, இதுதான் ஆரோக்கியப்பச்சை என்றார். 1987-இல் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் அறிவியலாளர்கள் இந்தக் காட்டுக்குள் வந்தபோது, உடன் நடந்த காணிகள் இதன் காய்களைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்ததைப் பார்த்துத்தான் ஆய்வு தொடங்கியது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. மருந்தைத் தயாரிக்கும் உரிமத்துக்கான தொகையிலும் விற்பனைப் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பணப் பங்கு கொடுத்த தொடக்கக்கால ஏற்பாடுகளில் ஒன்றாக உலகமெங்கும் இன்றும் இதைப் பேசுகிறார்கள். எங்கள் வழிகாட்டி அந்தக் கதையை நீட்டவில்லை. “பறிக்கக் கூடாது, பாத்துக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அதிருமலை முகாமைச் சுற்றி யானை அகழி வெட்டியிருக்கிறார்கள். நீளக் கொட்டகையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கைப்பேசிக்கு இணைப்பு கிடையாது. இரவில் குளிர் எலும்பில் இறங்குகிறது. போர்வை எடுத்துப் போகாதவர்கள் தூங்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உணவு எளிமையானது, சூடானது: கஞ்சி, பயறு, துவையல், அப்பளம். எட்டு மணி நேரம் ஏறி வந்த உடம்புக்கு உப்புப் போட்ட கஞ்சியைப் போல இதமானது வேறு இல்லை. நான் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். விடுதி அறை, தனிக் குளியலறை, காலை ஆறு மணிக்குக் காப்பி என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று; காட்டுக்குள் ஒரு முகாமுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை என்பது என் கருத்து.

இரண்டாம் நாள் விடிந்ததும் உச்சிக்குப் புறப்பட வேண்டும், ஏனெனில் நண்பகலுக்குள் மேகம் ஏறிவிடும். முகாமிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் முந்தைய நாளைவிட இது கடினம். ஈற்றை எனப்படும் நாணல் மூங்கில் காட்டைக் கடந்து, பொங்காலப்பாறை என்ற அகன்ற பாறைவெளியில் ஓடை நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும்; அதற்கு மேலே நீரை நம்ப முடியாது. பிறகு காற்றின் வேகத்தால் குட்டையாகவே முதிர்ந்த மரங்களின் காடு. கிளைகள் முழுவதும் பாசி. அதைத் தாண்டினால் வெறும் பாறை, கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான பகுதிகள். கயிறுகள் உறுதியாகக் கட்டப்பட்டிருந்தன. உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் பொங்காலப்பாறையிலேயே நின்றுவிடுவது நல்லது. அங்கே நின்றுவிட்டவர்கள் எங்கள் குழுவில் மூவர் இருந்தார்கள். அவர்களை ஒருவரும் குறைவாகப் பேசவில்லை.

இரண்டாவது கயிற்றுப் பாறைக்கு மேலே வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். இடப்பக்கச் சரிவில், பார்த்தால் நமக்குக் கால் கூசுகிற ஒரு விளிம்பில் ஏழு வரையாடுகள். நடுவில் நின்ற முதிர்ந்த கிடாவின் உடல் கருமை. முதுகில் மட்டும் வெள்ளிச் சேணம் போட்டதுபோல நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் ஒன்று சீழ்க்கை ஒலி எழுப்பியது. அந்த ஒலி பறவையுடையது என்று முதலில் நினைத்தேன். மறுகணம் குட்டிகள் உட்பட எல்லாம் கீழ்நோக்கி, கல் ஒன்றுகூட உருளாமல், அந்தப் பாறைச் சுவரில் இறங்கின. விளிம்பு கடினமாகவும் நடுவே ரப்பர் போல மென்மையாகவும் அமைந்த குளம்புகள் அவற்றுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத இந்த விலங்கு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எல்லைக்குள் 1,031 வரையாடுகள் இருப்பதாகக் கண்டார்கள். அதே பாறை இடுக்குகளில் மெலிந்து உயர்ந்து நின்ற ஒரு பனை வகையை வழிகாட்டி காட்டினார். அதற்கு வரைக்கமுகு என்று பெயர். ‘வரை’ என்ற சொல்லுக்கு மலை, மலைச்சரிவு என்று அகராதியில் படித்திருக்கிறேன். வரையாடும் வரைக்கமுகும் ஒரே பாறையில் நிற்க, அந்தச் சொல்லின் முழுப் பொருளை அன்றுதான் கண்டேன்.

உச்சி ஒரு சிறிய இடம். அகத்தியருக்குச் சிறிய சிலை உண்டு. வணங்கலாம், பூசை செய்ய அனுமதி இல்லை. மேற்கே பேப்பாறை நீர்த்தேக்கம் தகடு போலத் தெரிந்தது. கிழக்கே ஐந்தலைப் பொதிகையின் முகடுகள், அவற்றுக்கு அப்பால் வெயில் புகையில் எங்கள் ஊர்ச் சமவெளி. இந்த உச்சியில்தான் 1850-களில் திருவிதாங்கூரின் வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நாங்கள் ஒரு தண்ணீர்ப் புட்டியைச் சுமக்கவே திணறிய பாதையில், பாதையே இல்லாத காலத்தில், அந்தக் கருவிகளைச் சுமந்து ஏற்றிய தோள்களை நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் வந்த குழுவில் நான்கு பெண்கள் இருந்தார்கள். பெண்களுக்கு இருந்த தடையை 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் நீக்கிய பிறகு, 2019 ஜனவரியில்தான் முதல் பெண் இந்தப் பதிவு முறையில் உச்சிக்கு வந்தார் என்பதை என் மருமகனால் நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டிடிச்சான் தேரியில் இறங்கி, ஈற்றைக் காடு புல்வெளியோடு சேருகிற இடத்துக்கு ஐம்பது அடி முன்னால் வழிகாட்டி சட்டென்று நின்றார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. அவர் குனிந்து, பாதையில் கிடந்த ஓர் ஈற்றைத் தண்டை எடுத்துக் காட்டினார். கடித்துத் துப்பிய நுனியில் சாறு இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு காய்ந்த இலை ஒன்றைக் கையில் கசக்கித் தூவினார். துகள்கள் எங்கள் பின்னாலிருந்து முன்னோக்கிப் பறந்தன. நம் வாடை அந்தப் பக்கம் போகிறது என்பதை அவர் முகத்திலிருந்து புரிந்துகொண்டேன். உடனே எங்களை வந்த வழியே மேலே திருப்பி, பக்கவாட்டில் காற்று மாறுகிற ஒரு பாறைத் திட்டின் பின்னால், பருத்த மரம் ஒன்றை நடுவில் விட்டு உட்கார வைத்தார். அப்போதுதான் தண்டுகள் பிளக்கிற ஓசையும், வயிற்றுக்குள் இடி உருளுவது போன்ற உறுமலும் கேட்டன.

முதலில் ஒரு பெண் யானை புல்வெளிக்கு வந்தது. அதன் காலுக்கிடையில் குட்டி. பின்னால் இன்னொரு பெண் யானை. மூன்றும் நூறு மீட்டருக்குள். முன்னால் வந்தது தும்பிக்கையை உயர்த்தி, நாங்கள் சற்று முன் நின்ற இடத்தை நோக்கி நீட்டி, நெடுநேரம் மோப்பம் பிடித்தது. குழுவில் ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார். வழிகாட்டி ஒரு சொல்லும் பேசாமல் தன் உள்ளங்கையை அந்தக் கைப்பேசியின் மீது வைத்து மெல்லக் கீழே இறக்கினார். சத்தம் எழுப்பி விரட்டவோ, கல்லெறியவோ, தீ மூட்டவோ அவர் எண்ணவே இல்லை. நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். என் இதயத் துடிப்பு காதில் கேட்டது. யானைகள் ஓடையின் பக்கம் இறங்கி மறைந்த பிறகும் எங்களை எழ விடவில்லை. பத்து நிமிடம் கழித்து, முற்றிலும் வேறு திசையிலிருந்து, பின்தங்கி மேய்ந்துகொண்டிருந்த நான்காவது யானை ஒன்று அதே தடத்தில் தனியாக நடந்து போனது. நாங்களாக இருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்பே பாதையில் இறங்கியிருப்போம்.

பிறகு வழிகாட்டி முதலில் தான் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “இனி போகலாம், பேசாம வாங்க” என்றார். இந்த மலையேற்றத்துக்கு நான் கொடுத்த கட்டணம் முழுவதையும் அந்த ஐம்பது நிமிடத்துக்கு மட்டும் கொடுத்திருந்தாலும் குறைவு என்றே சொல்வேன். ஆகவே போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: வழிகாட்டியை முந்தி நடக்காதீர்கள், அவர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். எங்களுக்குச் சற்று முன்னால் புறப்பட்ட சில இளைஞர்கள் ஒலிபெருக்கி இல்லாத குறையைத் தங்கள் குரலால் தீர்த்துக்கொண்டே போனார்கள். அவர்கள் வரையாட்டையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை. யானைகள் அவர்களைப் பார்த்திருக்கலாம்; அதுதான் எனக்கு அச்சமூட்டியது.

போக வர மொத்தம் 40 கிலோமீட்டருக்குக் குறையாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடுமை. ஊன்றுகோல் ஒன்று அவசியம். வழியில் ஒடித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். மழை பெய்திருந்தால் அட்டை உண்டு. முழங்கால்வரை வரும் துணிக் காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். போர்வை, தலைவிளக்கு, வறுத்த கடலை, மாற்றுக் காலுறை இரண்டு இணை. இதற்கு மேல் பையில் ஏற்றாதீர்கள். மூன்று மாதமாவது நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்து, வாரம் ஒருமுறை படி ஏறிப் பழகியவர்கள் தாராளமாகப் பதிவு செய்யலாம். என் தனிப்பட்ட மதிப்பீடு ஐந்துக்கு ஐந்து.

மூன்றாம் நாள் இரவு விதுராவில் தங்கி, மறுநாள் தென்மலை வழியாக மலையின் வடக்குத் தோளைச் சுற்றினோம். கழுதுருட்டியில் பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்க்கக் காரை நிறுத்தினோம். இறங்கத்தான் இருவருக்கும் கால் வரவில்லை. ஆரியங்காவைத் தாண்டியதும் காற்று வறண்டது, செங்கோட்டையில் வயல்கள் தொடங்கின. மாலையில் பாபநாசம் படித்துறையில் தாமிரபரணிக்குள் காலை வைத்தபோது குதிகால் கொப்புளங்கள் எரிந்தன, பிறகு அடங்கின. மருமகன் மேற்கே பார்த்து, “மாமா, நாம நின்ன இடம் எது?” என்று கேட்டான். உச்சியை மேகம் மூடியிருந்தது. நான் குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டினேன்.